கோர்வையாகச் சொல்!

நமது போலீஸ் ஸ்டேஷன்களில் 'ரைட்டர்' என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் ஏட்டு. மேஜைமேல் இருந்த கார்பன் காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் ஆசாமியின் பெயர் மாறவில்லை. ஊரார் கொண்டுவருகிற துயரத்தையெல்லாம் எழுத்தில் இறக்கி வைப்பவர் அவர். அந்த வகையில் அவரும் நானும் ஒரே தொழில்காரர்கள். 'போலீஸ் இலாகாவைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை?' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: இலாகாவைப் பற்றி அல்ல, என் சக எழுத்தாளர் ஒருவருடைய எழுத்து முறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவருடைய எழுத்து என்னுடையதைக் காட்டிலும் பலமடங்கு சக்தி வாய்ந்தது. என் நாவல் பிடிக்காவிட்டால் நீங்கள் மூடி வைத்துவிடலாம். அவர் எழுதுகிற ஒன்றரைப் பக்கத்தை ஒரு பெண் பத்து வருஷம் தலையில் சுமக்க வேண்டியிருக்கிறது.

எதிரே வந்து நிற்கிறவர்களிடம் அந்த ரைட்டர் முதலில் சொல்லுகிற வார்த்தை ஒன்று உண்டு. "அழுகாம கோர்வையாச் சொல்லு."

இந்த ஒரு வார்த்தையோடுதான் என் சண்டை.

கோர்வையாகச் சொல்வது என்பது என்ன? ஆரம்பம், நடு, முடிவு என்று ஒழுங்குபடுத்துவது. எது முன்னே எது பின்னே என்று அடுக்குவது. கேட்கிறவனுக்குச் சந்தேகம் எழுகிற இடத்தில் ஒரு காரணத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துவது. ஐயா, இது என் தொழில்! இருபது வருஷமாக இதைச் செய்துதான் நான் சோறு சாப்பிடுகிறேன். நடக்காததை நடந்ததுபோல் சொல்வதற்குத்தான் இத்தனை கோர்வை வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே நடந்தது, அதுவும் உயிரை உலுக்கிய ஒன்று நடந்தது, அப்படி வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. பின்னால் உள்ளது முன்னால் வருகிறது. சில இடங்களில் ஒன்றுமே வராமல் வெறும் மௌனம் வருகிறது. கைதேர்ந்த கதாசிரியன் ஒருவனிடம் கேட்க வேண்டியதை, நேற்று ராத்திரி அடிபட்டு வந்தவளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

சில வருஷங்களுக்கு முன், மதுரைக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில், பூக்கட்டிப் பிழைக்கும் பெண் ஒருத்திக்குத் துணையாக நான் ஒரு ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தது. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே அவசியமில்லை. எல்லா ஸ்டேஷனிலும் அந்த மேஜை இருக்கிறது. அடித்தவன் கட்டிய புருஷன். ரைட்டர் கெட்டவர் அல்லர். எனக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அவளுக்கு நாற்காலி போடவில்லை. "எத்தனை மணிக்கு அடிச்சான்?" என்றார். "விளக்கு வைக்கிற நேரம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பால்காரர் வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள். "ஏம்மா, காலையிலயா சாயங்காலமா? ஒண்ணு சொல்லு." அவள் யோசித்தாள். யோசித்துவிட்டு, அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்ததைப் பற்றிச் சொன்னாள்; இரண்டு தடவை சொன்னாள். எதனால் அடித்தான் என்று கேட்டபோது தெரியவில்லை என்று சொல்லி லேசாகச் சிரித்துவிட்டாள். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பார்த்தீங்களா சார், சிரிக்கிறா!"

அந்தச் சிரிப்பை அவர் படித்த பாடப்புத்தகம் எதுவும் அவருக்கு விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

விஷயம் ரகசியமானதும் அல்ல, புதியதும் அல்ல. 1974இலேயே அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோல்ம்ஸ்ட்ரம் என்ற இரண்டு பெண்கள், பலாத்காரத்துக்கு ஆளாகி வந்தவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்கிறார்கள். சிலர் கதறுகிறார்கள், சிலர் கல்லைப்போல் உட்கார்ந்திருக்கிறார்கள், புன்னகைகூடச் செய்கிறார்கள். இரண்டும் அதே அடியின் விளைவுதான். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இந்த உள்காயத்தை ஒரு நோயாகவே பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஸ்வீடனில், பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர், அந்த நேரத்தில் கைகால் அசைக்க முடியாமல், குரல் எழும்பாமல் உடம்பு உறைந்துபோனதைச் சொன்னார்கள். பாம்பின் எதிரே தவளை உறைவதை நம் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். 'நீ ஏன் கூச்சல் போடவில்லை?' என்று தவளையை யாரும் கேட்பதில்லை.

பெண்ணை மட்டும் கேட்கிறோம். சாமானிய போலீஸ்காரர் மட்டுமா? இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமைதான் மதுரா வழக்கு. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகையால் சம்மதம் இருந்திருக்கும் என்ற தோரணையில் 1978இல் இரண்டு போலீஸ்காரர்களும் விடுதலை செய்யப்பட்டார்கள். மறுவருஷம் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உறைந்த உடம்பு சம்மதம் சொன்ன உடம்பு அல்ல என்ற சின்ன உண்மையை இந்த நாட்டுக்குப் புரிய வைக்க ஒரு சிறுமியின் வாழ்க்கையும் பதினொரு வருஷமும் வேண்டியிருந்தன.

சட்டம் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 2012இல் குழந்தைகளுக்கான போக்சோ சட்டம் வந்தது. அதன் 24ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை ஒரு பெண் அதிகாரி வாங்க வேண்டும், அவர் காக்கி உடுப்பில் இருக்கக் கூடாது, ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சட்டம் எழுதிய கைகளுக்குள்ளும் ஒரு தாயின் கை இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. 2013இல், கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம், பெண்களுக்கு எதிரான கொடிய குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் என்று சட்டம் வந்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டங்களிலும் அது இருக்கிறது. எல்லை எங்கள் எல்லையல்ல என்று தட்டிக்கழிக்கவும் வழி இல்லை. 2022 ஏப்ரலில் நமது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான், பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை இரண்டு விரல்களால் சோதிக்கிற அந்த அநாகரிகத்தைத் தமிழ்நாட்டில் உடனே நிறுத்தும்படி உத்தரவிட்டது.

ஆக, சட்டத்தில் குறை இல்லை. சட்டம் வாசல்படி வரைக்கும் வந்து நிற்கிறது. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருக்கிற காதுக்குள் அது நுழையவில்லை.

அந்த மேஜையில் என்ன எழுதப்படுகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து, "என்னையப் போட்டுச் சாத்துனான், அப்புறம் கதவச் சாத்திட்டான், எனக்கு ஒண்ணும் ஓடலை" என்று சொல்லுகிறாள். ரைட்டர் எழுதுகிறார்: 'மேற்படி எதிரியானவர் என்னை அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று கொலை மிரட்டல் விடுத்தார்.' தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் இந்த வாக்கியம் கிடைக்கும். காரணம், ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு சட்டப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது: திட்டியதற்கு ஒன்று, அடித்ததற்கு ஒன்று, மிரட்டியதற்கு ஒன்று. பிரிவுக்கு ஏற்ற வார்த்தையை அவள் வாயில் வைத்து எழுதிவிட்டு, கீழே அவளுடைய கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிக்கொள்கிறார். அவள் சொன்ன "எனக்கு ஒண்ணும் ஓடலை" என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அந்த மனுவிலேயே உண்மையான இலக்கியம் அதுதான்.

இதோடு போனாலும் பரவாயில்லை. பிறகு அவள் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறாள். அங்கே தன் வார்த்தையில் சொல்கிறாள். இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்துக் கூண்டில் ஏறுகிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "போலீசில் கொலை மிரட்டல் என்று சொன்னாய், மாஜிஸ்திரேட்டிடம் அதைச் சொல்லவில்லை, எது பொய்?" என்று கேட்கிறார். ஏட்டு செய்த கற்பனைக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். என் நாவலில் வருகிற பாத்திரம் செய்த கொலைக்காக வாசகரைச் சிறையில் போட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நம் நீதிமன்றங்களில் தினமும் நடக்கிறது.

எழுதாமலே அனுப்பிவிடுவது இன்னொரு வகை. மனு ரசீது ஒன்றைக் கொடுத்து, "அவனையும் வரச்சொல்றேன், பேசி முடிச்சுக்குவோம்" என்பார்கள். பேசி முடிப்பது என்றால் பெண்ணைத் திரும்ப அனுப்பி முடிப்பது. 2014இல் உசிலம்பட்டிப் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. அவளும் அவள் புருஷனும் போலீஸ் வரைக்கும் போனார்கள். பேச்சுவார்த்தையும் நடந்தது. கடைசியில் அவள் பிணமானாள். பிணமும் அவசர அவசரமாக எரிந்தது. அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரலில் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட தம்பதிகளின் புகாரைக் கவனிக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவும், இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசியும் வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு பெண் நடுங்கிக்கொண்டு, "அங்க அனுப்பிடாதீங்க" என்று சொல்லும்போது, அந்த நடுக்கமே ஒரு வாக்குமூலம் என்று படிக்கத் தெரிந்த ஒரே ஒரு அதிகாரி அன்றைக்கு இருந்திருந்தால்! நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. படிக்கக் கற்றுக்கொடுத்தால் படிக்கக் கூடிய விஷயம்தான் இது.

'அதற்குத்தான் பெண் போலீஸ் இருக்கிறதே' என்று சர்க்காரின் நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது; பெருமைதான். 1973இல் தமிழ்நாட்டில் பெண்கள் போலீசில் சேர்ந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் போலீஸ் ஸ்டேஷன் திறந்தது. இன்று தல்லாகுளத்திலும் திருமங்கலத்திலும் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் மகளிர் ஸ்டேஷன் இருக்கிறது. ஆயிரம் பெண்கள் தைரியமாகப் படியேறியிருக்கிறார்கள் என்றால் அதற்கு இதுவே காரணம். ஆனால் சேலைக்குப் பதில் காக்கி உடுத்திய மாமியார் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு அடிதானம்மா, பொறுத்துப் போகக் கூடாதா? பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று சொன்னால், அது மகளிர் ஸ்டேஷனா, மாமியார் வீடா? பெண்ணாய்ப் பிறந்ததினாலேயே பெண்ணின் துயரம் புரிந்துவிடும் என்பது, தமிழனாய்ப் பிறந்ததினாலேயே இலக்கணம் வந்துவிடும் என்பதைப் போன்ற மூடநம்பிக்கை. ஹரியானாவில் 2015இல் மகளிர் ஸ்டேஷன்களைத் திறந்தார்கள். அதை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஒரு கட்டுரை, சாதாரண ஸ்டேஷன்கள் 'அங்கே போ' என்று பெண்களைத் தள்ளிவிடுவதற்கே அது வசதியாகிவிட்டது என்று காட்டியது. தனிக் கதவு திறந்தால் மட்டும் போதாது. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் பயின்ற காது வேண்டும்.

பயின்ற அதிகாரி இல்லாததன் விலையை நாம் ரூபாய்க் கணக்காகவே பார்த்திருக்கிறோம். 2019இல் பொள்ளாச்சியில் அந்தப் பயங்கரம் வெளிப்பட்டபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஜில்லாவின் போலீஸ் தலைமை அதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். சர்க்கார் உத்தரவிலும் அது அச்சானது. மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஐந்து வருஷம் போயிற்று. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில், அவள் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை ஊர் முழுக்கப் பரவியது. மறுபடியும் உயர் நீதிமன்றம். மறுபடியும் 25 லட்சம். ஒரு பெயரை வாய்க்குள் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதற்கு இதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாதே!

அதே பொள்ளாச்சி வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2025 மே 13ஆம் தேதி குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. ஆறு வருஷத்தில் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. வெளியே தெரியாமல், மிரட்டலுக்கு ஆளாகாமல் காக்கப்பட்டால், நம் பெண்கள் எந்தக் கூண்டிலும் ஏறி நின்று பேசுவார்கள். வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி தர்மபுரிப் பக்கத்து அந்த மலையடிவாரக் கிராமத்தில் பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தவர்கள் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். மிச்சம் 215 பேருக்கும் 2011இல் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படிப்பறிவில்லாத மலைவாழ் பெண்களின் வார்த்தை பத்தொன்பது வருஷம் கழித்தும் நீதிமன்றத்தில் நின்றது. 'ஏன் உடனே சொல்லவில்லை?' என்று கேட்கிற மேதாவிகள் அந்தத் தீர்ப்பை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும்.

இது பெண்களின் விஷயம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேலவளவில், பஸ்ஸை மறித்துப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டினார்கள். அதே பஸ்ஸில் உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள். அப்படித் தப்பிய மனிதன் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்தால், 'எத்தனை பேர், யார் கையில் என்ன ஆயுதம், வரிசையாகச் சொல்' என்கிறோம். வரிசையாகவா! ரத்தத்தில் நனைந்த மனிதனுக்குத் தன் பெயர் ஞாபகம் இருந்தால் அதுவே பெரிது.

பொறுமையாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நம் கண்ணெதிரே சாட்சியம் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனுமாக ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் அடியில் மாண்டார்கள். மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். உண்மையைச் சொன்னது அங்கே வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு. அந்த அம்மாள் பயந்து நடுங்கினார். வெளியே நிற்கிறவர்கள் காதில் விழுந்துவிடும் என்று தயங்கினார். கையெழுத்துப் போடவே மறுத்தார். மாஜிஸ்திரேட் அதட்டவில்லை. தைரியம் சொன்னார், பாதுகாப்புக்கு உறுதி சொன்னார், காத்திருந்தார். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்ற சேதி அந்தக் காத்திருப்பில்தான் வெளியே வந்தது. போலீஸ் நண்பர்களே, உங்களில் ஒருவரே உள்காயத்தோடு வந்து உட்கார்ந்தபோதும், பயன்பட்டது லத்தி அல்ல, காதுதான்.

இனி, ஆட்சேபணைகள்.

'பொய்ப் புகார் கொடுக்கிறவர்கள் இல்லையா?' இருக்கிறார்கள். சிதறிப் பேசுகிறவர்கள் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை. சிதறல் பொய்யின் அடையாளம் அல்ல என்றுதான் சொல்கிறேன். பொய் சொல்ல வருகிறவன் வக்கீலிடம் பாடம் கேட்டுக்கொண்டு கோர்வையாகவே வருவான். கோர்வையை உரைகல்லாக வைத்திருக்கிற ரைட்டரிடம் தேறுகிறவன் அவன்தான், தோற்கிறவள் உண்மையானவள். பொறுமையாகக் கேட்கிற முறை பொய்யனுக்கும் வசதியானதல்ல. குறுக்கிடாமல் பேசவிட்டால் பொய் தானே கால் தடுக்கி விழும்.

'அதெல்லாம் டாக்டர் வேலை. போலீஸுக்கு எதற்கு இந்த மென்மை?' மென்மை என்று யார் சொன்னது? இது துப்பறிகிற வேலை. கைரேகையை அழித்துவிடாமல் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களே, அதைப்போல ஞாபகத்தை அழித்துவிடாமல் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். அதட்டினால் ஞாபகம் அழிகிறது. தடயத்தை மிதிக்கிற அதிகாரிக்கு விளக்கம் கேட்கிறீர்கள். ஞாபகத்தை மிதிக்கிறவருக்கு ஏன் கேட்பதில்லை?

'பயிற்சியினால் மனிதன் மாறுவானா?' மாறியிருக்கிறான். 1982 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு டெலிவிஷன் படம் காட்டினார்கள். பலாத்காரப் புகார் கொடுக்க வந்த ஒரு பெண்ணை, தேம்ஸ் பள்ளத்தாக்குப் போலீஸின் துப்பறியும் அதிகாரிகள் மூன்று பேர் நம்ப மறுத்து விரட்டுகிற காட்சி, நிஜமாகவே காமிராவில் பிடித்தது. நாடே கொதித்தது. அதற்குப் பிறகுதான் அங்கே விசாரிக்கும் முறையும் பயிற்சியும் மாற ஆரம்பித்தன. அது வெள்ளைக்காரன் ஊர் என்பீர்கள். நம் மத்தியப் பிரதேசத்தில் 180 போலீஸ் ஸ்டேஷன்களை எடுத்துக்கொண்டு ஒரு பரிட்சை நடந்தது. சிலவற்றில் பெண்களுக்கென்று ஓர் உதவி மேசை போட்டு, தனி மறைவிடம் அமைத்து, அதிகாரிகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டுவைத்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. மேசை போட்ட ஸ்டேஷன்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. அதிலும் பெண் அதிகாரி பொறுப்பில் இருந்த இடங்களில் முதல் தகவல் அறிக்கைகள் கூடின. ஒரு மேசை, ஒரு தட்டி, சில நாள் பயிற்சி. போபாலில் முடிந்தது திருமங்கலத்தில் முடியாதா?

என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணிவகுப்பும் துப்பாக்கியும் பரிட்சை வைத்துக் கற்றுத்தரப்படுவதுபோல், கேட்பதும் பரிட்சை வைத்துக் கற்றுத்தரப்பட வேண்டும். தேறாதவரை அந்த மேஜையில் உட்கார வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஹாலில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, புகைப்படம் எடுத்து முடிக்கிற 'விழிப்புணர்வு' எனக்கு வேண்டாம். ஒருவர் புகார்தாரராக நடிக்க, ஒருவர் கேட்டு எழுத, அருகிலிருந்து திருத்துகிற பயிற்சி வேண்டும். திருத்துவதற்கு ஆள் இல்லையா? அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 1992 முதல் மதுரையில் செல்லமுத்து அறக்கட்டளை மனநல வேலை செய்துவருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவித்து மீண்ட பெண்கள் இருக்கிறார்கள். இஷ்டப்பட்டு வருகிறவர்களை ஆசிரியர்களாக உட்கார வையுங்கள், சம்பளம் கொடுங்கள்.

ரைட்டருக்கு ஒரு விதி: அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுது, சட்டப் பிரிவை உன் வார்த்தையில் தனியாகப் போட்டுக்கொள். ஒரே அதிகாரி, ஒரே தடவை, மூடிய அறையில் கேட்கட்டும். நாலு பேரிடம் நாலு தடவை சொல்ல வைப்பது விசாரணை அல்ல. 'அப்புறம் என்ன?' என்று கேள். 'ஏன் அப்படிச் செய்யலை?' என்று கேட்காதே. நேரம் ஞாபகமில்லை என்றால் விடு. குக்கர் விசிலைக் கேட்டாள் என்றால் அதை எழுது. அடுத்த வீட்டுக்காரியும் அந்த விசிலைக் கேட்டிருப்பாள். நேரம் தானாக வந்து சேரும்.

பைசா செலவில்லாத பாடம் ஒன்றும் இருக்கிறது. காரில் வந்து இறங்குகிற அம்மாளை 'வாங்க மேடம்' என்கிற வாய், பூக்காரியை 'ஏய், என்ன' என்கிறது. தமிழில் ஒரு மனிதனை மனிதனாக்க இரண்டு எழுத்துப் போதும்: 'ங்க'. 'சொல்லுங்க' என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். ஊரெல்லாம் அடித்துத் துரத்திய ஒருத்தியை, 'நீயும் ஒரு ஆள்' என்று சர்க்கார் அங்கீகரிக்கிற முத்திரை அது.

போலீஸ்காரரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். பந்தோபஸ்து, திருவிழா, மந்திரி வருகை, ராத்திரி ரோந்து. வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்று 2021இல்தான் உத்தரவு வந்தது. தூக்குக் கயிற்றிலிருந்து பிணத்தை இறக்குகிறவர் அவர். தண்டவாளத்தில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்குகிறவரும் அவர். அவருக்கும் உள்காயம் உண்டு. அதைப் பற்றி அவரை யாரும் கேட்டதில்லை. ஆகவே அவருக்கும் பிறரைக் கேட்கத் தெரியவில்லை. அவருக்கும் ஒரு காது வேண்டும் என்பது என் கோரிக்கையில் அடக்கம். ஆனால் அந்தக் கஷ்டத்தைக் காட்டி, எதிரே நிற்கிறவளின் கஷ்டத்தைத் தள்ளுபடி செய்ய அனுமதிக்க முடியாது. அவருக்காவது உடுப்பும் சம்பளமும் சங்கடத்துக்கு ஒரு மேஜையும் இருக்கின்றன.

மதுரையைப் பற்றிப் பேசிவிட்டுக் கண்ணகியைச் சொல்லாமல் போகக் கூடாது என்பார்கள். நான் கண்ணகியைச் சொல்லவில்லை. அரண்மனை வாயிற்காவலனைச் சொல்கிறேன். தலைவிரி கோலமாக, ஆவேசத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து அவன் 'கோர்வையாகச் சொல்' என்று நிறுத்தி வைக்கவில்லை. பயந்தான், ஆனாலும் உடனே உள்ளே போய், புருஷனை இழந்தவள், கையில் ஒற்றைச் சிலம்பு வைத்திருக்கிறாள் என்று கண்டதைக் கண்டபடி சொன்னான். ராஜா விசாரிக்காமல் கொன்றான். அந்தக் காவலன் தன் கடமையைச் செய்தான். ஊர் எரிந்த கதையில் குற்றமில்லாத அரசாங்க ஊழியன் அவன் ஒருவன்தான். நம் ஸ்டேஷன்களில் அந்த அளவுக்காவது இருந்தால் போதும் என்கிறேன்.

கடைசியாக, கதை படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ரைட்டர் ஆகாசத்திலிருந்து குதித்தவர் அல்லர். நம் தெருவில் வளர்ந்தவர்; நம் வீட்டு முற்றத்தில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர். 'அந்த நேரத்துல அங்க என்ன வேலை?' 'ஏன் இத்தனை நாள் சொல்லலை?' 'குடும்ப மானம் என்ன ஆகும்?' என்கிற கேள்விகளை அவருக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் எது? சர்க்கார் தன் பயிற்சிப் பள்ளியைத் திருத்தட்டும். நாம் அதைக் கேட்டு வாங்குவோம். அதுவரைக்கும், நாளைக்கே உங்கள் தங்கையோ வேலைக்காரியோ கூடப்படித்தவளோ வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து, முன்னுக்குப்பின் முரணாக எதையோ சொல்ல ஆரம்பித்தால், அவளைக் கதை கேட்கிறமாதிரி கேட்காதீர்கள். பாதியில் நின்றால் நிற்கட்டும். தண்ணீர் கொடுங்கள். பிறகு, அவள் சம்மதித்தால், ஸ்டேஷனுக்கு அவளோடு நீங்களும் போங்கள்; எழுதியதைக் கையெழுத்துக்கு முன் வாங்கிப் படித்து, அவள் சொன்ன வார்த்தைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பதிந்த அறிக்கையின் நகல் ஒன்றை இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.